பாட்டாவின் இருபத்திரண்டு பெட்டிகள்

"மெக்கானிக்கல் பிரிவில் இருந்து கவிதையாகவே வந்து குவியுது, ஒரு கட்டுரை குடும்மா" என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். லேத்தைப் பற்றியோ சி.என்.சி. பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப்போவது தேனீக்கு வரும் வைரஸ் நோயைப் பற்றி. சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் எங்க அம்மா டீக்கடை வைத்திருக்கிறார். அப்பாவும் அதே வரிசையில் நிற்கும் ஒரு டிரெய்லரின் டிரைவர்தான். காலேஜ் விட்டதும் நான் போய் கிளாஸ் கழுவிக் கொடுப்பேன். அங்கே நாள் முழுக்க தேனீ வரும். சர்க்கரை டப்பா, பாதி குடித்துப் போட்ட கப், வடை தட்டு எல்லாவற்றிலும் மொய்க்கும். மற்ற கடைக்காரர்கள் துண்டை வீசி அடிப்பார்கள். அம்மா அடிக்க மாட்டார். டீயில் விழுந்த தேனீயை ஸ்பூனால் எடுத்து, பெஞ்சின் ஓரத்தில் காய வைப்பார். ரொம்ப நாள் இதைப் பார்த்துவிட்டு, போன வருடம்தான் ஏன் என்று கேட்டேன்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். அந்தப் பக்கம் தாத்தாவைப் 'பாட்டா' என்பார்கள். பாட்டா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலைக்காரர். அதோடு 22 தேன் பெட்டி வைத்திருந்தார். அரிசிக்கு ரப்பர் கூலி, பள்ளிக்கூடத்துக்குத் தேன் காசு என்று வீட்டில் ஒரு கணக்கு. 1992இல் ஒரு சில மாதத்துக்குள் 21 பெட்டி காலி. அப்போது அம்மாவுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு வேலை தேடி வந்த சொந்தக்காரர்களோடு திருவொற்றியூர் வந்து சேர்ந்தார்கள்.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சொன்னார்களாம். பாட்டா அதை நம்பவில்லை. அவர் நம்பியது வேறு. பஞ்ச மாதத்தில் தேனீக்குச் சீனிப் பாகு வைக்க வேண்டும். அந்த வருடம் ரேஷன் சீனியை வீட்டுக்கு வைத்துக்கொண்டாராம். "புள்ளைகளுக்குக் காப்பி போட்டுட்டு ஈயைப் பட்டினி போட்டுட்டேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லிவிட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "நீ படிக்குதியே மக்களே, சீனி குடுத்திருந்தா பொழச்சிருக்குமா?"

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்தவள் என்று நம்பி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? எனக்குத் தெரிந்ததெல்லாம் வெல்டிங்கும் ஃபிட்டிங்கும். நூலகத்திலும் நெட்டிலும் தேடினேன். வேதியியல் சார் சில ஆங்கிலக் கட்டுரைகளை வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்னார். அப்படிக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயின் பெயர். 'தாய் சாக்புரூட் வைரஸ்' என்று இருந்தது. 'தாய்' என்றால் அம்மாத் தேனீயிடம் இருந்து வரும் நோய் போலிருக்கிறது என்று நினைத்து அரை மணி நேரம் குழம்பினேன். அது தாய்லாந்து! 1976இல் அங்கே நம்முடைய இந்தியத் தேனீயின் இனத்திலேயே இந்த நோய் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். 1970களின் கடைசியிலேயே இந்தியாவின் வடகிழக்குக்கும் வடக்குக்கும் வந்துவிட்டது. தெற்கே வந்து சேர்ந்தது 1991-92இல். கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் பெட்டியில் வளர்த்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. ஆக, பாட்டா வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை இது. மார்த்தாண்டம் சாதாரண இடமும் இல்லை. 1920களிலேயே ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் மூலமாக அங்கே பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். 'மார்த்தாண்டம் பெட்டி' என்று ஒரு பெட்டி வகைக்கே பெயர் உண்டு. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரிலேயே வீட்டுக்கு வீடு காலிப் பெட்டி கிடந்த காலம் அது.

வைரஸ் என்பதை நம் பாஷையில் சொல்கிறேன். வைரஸ் ஒரு டிராயிங் ஷீட் மாதிரி. அதனிடம் பட்டறை கிடையாது, லேத் கிடையாது, கரண்ட் கிடையாது. இன்னொருவன் பட்டறைக்குள் நுழைந்து, அவன் மெஷினில், அவன் இரும்பில் தன்னையே ஆயிரக்கணக்கில் நகல் போட்டுக்கொள்ளும். சாக்புரூட் வைரஸின் டிராயிங் ஆர்.என்.ஏ.வில் எழுதப்பட்டது, மொத்தம் சுமார் 8,800 எழுத்துதான். தேனீயின் டிராயிங்கில் 20 கோடிக்கு மேல் எழுத்து. இத்துனூண்டு அது அவ்வளவு பெரியதைச் சாய்க்கிறது.

இந்த வைரஸ் தாக்குவது முக்கியமாகப் புழுவை. தேனீப் புழு கூட்டுப்புழு ஆகும்முன் கடைசியாக ஒருமுறை தோல் உரிக்க வேண்டும். நோய் வந்த புழுவால் அது முடியாது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் சேர்ந்து, புழுவே ஒரு பை ஆகிவிடும். அம்மா சிறுவயதில் பாட்டாவுக்கு உதவியாக ஈர்க்குச்சியால் அந்தப் புழுக்களைத் தூக்கிப் போட்டிருக்கிறார். "தண்ணி ரொப்புன பை மாதிரி முழுசா வரும், தல மட்டும் கறுத்திருக்கும்" என்றார். நான் படித்த ஆங்கிலக் கட்டுரையிலும் அடையாளம் அப்படியேதான் எழுதியிருந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவர் நோயை அவ்வளவு சரியாகப் பார்த்து வைத்திருந்தார்.

செத்த புழுவைச் சுத்தம் செய்ய வருவது இளம் வேலைக்காரத் தேனீ. அப்போது பை உடைந்து வைரஸ் அதன் வாய்க்குப் போகும். வெளியே பார்த்தால் அந்தத் தேனீக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தலையில் இருக்கிற பால் சுரப்பிகளில் வைரஸ் சேர்ந்துவிடும். குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டுகிற உணவு அந்தச் சுரப்பியில் இருந்துதான் வருகிறது. தாதியே விஷம் ஊட்டுகிற கதை! மருந்தும் கிடையாது. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவுக்கு, வைரஸை அது தொடாது. பாட்டாவுக்கு யாரோ ஒருவர் 'தேனீ மருந்துப் பொடி' என்று காசுக்கு விற்றிருக்கிறார். அதை என்னவென்று சொல்ல!

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சாப்பாடு காப்பாற்றுமா?

தேனீக்கு இரண்டு வகைச் சாப்பாடு. பூவில் உறிஞ்சும் மதுரம், அதுதான் தேன் ஆகிறது. அது மாவுச்சத்து மாதிரி, ஓடுவதற்குப் பெட்ரோல். இன்னொன்று மகரந்தம். புரதம், கொழுப்பு, விட்டமின் எல்லாம் அதில்தான். உடம்பு வளர்வதும், பால் சுரப்பி சுரப்பதும், நோயை எதிர்ப்பதும் மகரந்தத்தால். எல்லா மகரந்தமும் ஒன்றில்லை. செடியைப் பொறுத்து புரதம் சுமார் 2.5 சதவீதத்தில் இருந்து 61 சதவீதம் வரை மாறுகிறது. நம் ஹாஸ்டலில் தண்ணிச் சாம்பார் நாளுக்கும் முட்டை போடும் நாளுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2010இல் அமெரிக்காவின் அரிசோனாவில் தேனீ ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். சில தேனீக்களுக்கு வெறும் சர்க்கரைப் பாகு, சிலவற்றுக்கு மகரந்தம். சிறகைச் சுருங்கச் செய்யும் இன்னொரு வைரஸ் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். சர்க்கரை மட்டும் குடித்தவற்றில் வைரஸ் ஏறியது. மகரந்தம் தின்றவற்றில் குறைவு. 2019இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகக்காரர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். வாத நோய் தரும் ஒரு வைரஸைக் கொடுத்து, ஒரு கூட்டத்துக்குச் சத்தான செஸ்ட்நட் மரத்து மகரந்தம், இன்னொன்றுக்குச் சத்துக் குறைந்த வேறு செடியின் மகரந்தம் என்று வைத்துப் பார்த்தார்கள். நல்ல மகரந்தம் தின்றவை வைரஸைத் தாங்கி நின்றன, சாவு குறைந்தது. மட்டமான மகரந்தத்தால் அந்த அளவுக்குக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது பாட்டாவின் ரப்பர் தோட்டத்தைப் பாருங்கள். ஜனவரியில் இருந்து மார்ச் வரை ரப்பர் புதுத் தளிர் விடும். அந்த இளம் இலைக்காம்பின் நுனியில் மதுரம் சுரக்கும். பூவிலே இல்லை, இலைக்காம்பிலே! மார்த்தாண்டத்துத் தேன் பெரும்பாலும் இப்படி வருவதுதான். இலைக்காம்பில் மதுரம் இருக்குமே தவிர மகரந்தம் ஏது? கண்ணுக்கு எட்டின தூரம் ரப்பராக இருந்தால், தேனீக்குச் சர்க்கரை கொட்டிக் கிடக்கும், புரதத்துக்குத் தென்னையையும் வீட்டுக் கொல்லையையும்தான் தேட வேண்டும்.

இன்னொரு வேடிக்கையான, கொடுமையான விஷயம். இங்கிலாந்தில் பெய்லி என்ற விஞ்ஞானி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது: சாக்புரூட் தொற்றிய வளர்ந்த தேனீ மகரந்தம் தின்பதை நிறுத்திவிடும். வயதுக்கு முன்பே வெளிவேலைக்குப் பறந்துபோகும், போனாலும் மகரந்தம் கொண்டு வராது, சீக்கிரம் செத்தும் போகும். அதாவது சாப்பாடு குறைந்தால் நோய் ஏறுகிறது, நோய் ஏறினால் சாப்பாடு குறைகிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனுஷர்கள் வீட்டிலும் இதே மாதிரி நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, பாட்டா சீனிப் பாகு வைத்திருந்தால்? பட்டினிச் சாவைத் தடுத்திருக்கும். வைரஸைத் தடுத்திருக்காது, ஏனென்றால் சீனியில் புரதம் இல்லை. தேனிலும் மகரந்தத்திலும் இருக்கிற ஒரு பொருள் தேனீயின் நோய் எதிர்ப்பு மரபணுக்களையும் நச்சை முறிக்கும் மரபணுக்களையும் சுவிட்ச் போட்ட மாதிரி இயங்க வைக்கிறது என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2013இல் காட்டினார்கள். அந்தப் பொருளும் சர்க்கரைப் பாகில் கிடையாது. அது மட்டுமல்ல, 100 பெட்டியில் 90க்கு மேல் போயிற்று என்றால், அத்தனை பேரும் ரேஷன் சீனியைக் காப்பிக்குப் போட்டவர்களா? மூட்டை மூட்டையாகச் சீனி வாங்க முடிந்தவர்களின் பெட்டியும் காலியாகத்தான் ஆயிற்று.

அப்படியானால் அந்த ஒரு பெட்டி எப்படித் தப்பித்தது? அதே தோட்டம், அதே சாப்பாடு, அதே பாட்டா. 21 செத்தது, ஒன்று நின்றது.

இங்கேதான் மரபணு வருகிறது. முதல் உதாரணம் இனத்துக்கு இனம் உள்ளது. இத்தாலியத் தேனீ என்று நாம் சொல்லும் ஐரோப்பியத் தேனீயை இந்தத் தாய்லாந்து வைரஸ் அவ்வளவாக அசைப்பதில்லை. அதனால்தான் 1992க்குப் பிறகு தெற்கே பலர் அதற்கு மாறினார்கள். ஆனால் அந்த இத்தாலியத் தேனீ 'வர்ரோவா' என்ற உண்ணியிடம் தோற்றுப்போகும், சிறகைச் சுருக்கும் வைரஸை ஏற்றிவிடுவது அந்த உண்ணிதான். நம்ம ஊர்த் தேனீயோ அந்த உண்ணியைக் கடித்துத் துடைத்து எறிந்துவிடும். பல ஆயிரம் வருடமாக அதோடு பழகியது ஆயிற்றே! எந்த எதிரியோடு பரம்பரை பழகியிருக்கிறதோ அந்த எதிரியைச் சமாளிக்கும். புதிதாக வந்தவனிடம் மாட்டும்.

ஒரே இனத்துக்குள்ளும் கூட்டத்துக்குக் கூட்டம் வித்தியாசம் உண்டு. 1964இல் ரோத்தன்புலர் என்ற அமெரிக்கர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியா நோயை வைத்துச் செய்தார். சில கூட்டத்துத் தேனீக்கள் செத்த புழு இருக்கும் அறையின் மெழுகு மூடியைத் திறந்து, புழுவை இழுத்து வெளியே போடும். சில கூட்டங்கள் கண்டுகொள்ளாது. இரண்டையும் கலந்து, மறுபடி பின்னோக்கிக் கலந்து 29 கூட்டம் உண்டாக்கினார். சிலது இரண்டு வேலையும் செய்தது. சிலது மூடியைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றது! சிலது எதுவுமே செய்யவில்லை. அந்த 'எதுவும் செய்யாத' கூட்டங்களின் மூடியை இவரே கையால் திறந்துவிட்டதும், அதில் சில மளமளவென்று புழுவை இழுத்துப் போட்டன. மூடி திறப்பது ஒரு மரபணு, இழுத்துப் போடுவது இன்னொன்று என்று அவர் முடிவு செய்தார். பிற்பாடு வந்தவர்கள் இரண்டல்ல, இன்னும் பல மரபணுக்கள் சேர்ந்த வேலை அது என்று காட்டினார்கள். ஆனால் சுத்தம் என்பதே பரம்பரையாக வரும் குணம் என்பது நிலைத்தது. நம் பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷன் சரியாக இருந்தால் ஒரு ஓட்டை வார்ப்பு அடுத்த மேஜைக்குப் போகாது. அதே மாதிரிதான். பை உடையும் முன்பே நோய்ப் புழுவைக் கண்டுபிடித்துத் தூக்கும் கூட்டத்தில் வைரஸ் பரவ வழி இல்லை.

ராணித் தேனீ ஒரு ஆணோடு சேர்வதில்லை, பத்து இருபது ஆண் தேனீக்களோடு சேர்கிறது. எனவே ஒரே பெட்டியில் ஒரே அம்மா, பல அப்பா. ஒரு அப்பாவின் பிள்ளைகளுக்கு மூக்குக் கூர்மை, இன்னொருவரின் பிள்ளைகளுக்கு வேறு திறமை. 2007இல் சீலி, டார்பி என்ற இருவர் பல ஆண்களோடு சேர்ந்த ராணிகளின் கூட்டத்தையும் ஒரே ஆணோடு சேர்ந்த ராணிகளின் கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். பல அப்பா உள்ள பெட்டிகளில் புழு நோய் குறைவாக இருந்தது.

தெற்கே இந்தியத் தேனீ மறுபடி பெருகியதும் இப்படித்தான். தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். எதிர்ப்பு இல்லாதவை செத்துவிட்டதால், மிச்சம் இருந்தவற்றின் பிள்ளைகளே அடுத்த தலைமுறை. கொரியாவில் 2009 முதல் இதே இனத் தேனீயை இந்த நோய் அழித்தபோது, அரசு ஆராய்ச்சியாளர்கள் தப்பியவற்றைத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்து, நோய்ப் புழுவைச் சுறுசுறுப்பாக அகற்றும் வகையை உருவாக்கினார்கள். நம் பக்கம் நோய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. வைரஸும் நகல் போடும்போது எழுத்து மாறிக்கொண்டே இருக்கிறதே.

இதை எல்லாம் அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு லீவு விட்டிருந்த நேரத்தில் சொன்னேன். வைரஸ், மரபணு என்ற வார்த்தை எல்லாம் வராமல் சொல்ல ரொம்பக் கஷ்டப்பட்டேன். நல்ல சாப்பாடு இருந்தால் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், சில பெட்டி கூடத் தப்பியிருக்கலாம், ஆனால் அந்தச் சாப்பாடு கடையில் வாங்குகிற சீனி இல்லை, பலவிதப் பூவில் இருந்து வருவது. முழுசாகத் தப்பிப்பது பிறவியிலேயே வந்த குணத்தால். பாட்டா எதையும் தப்பாகச் செய்யவில்லை என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா இருக்கும்போ யாரும் இத சொல்லலியே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நானே ஒரு விஷயம் சொல்லி அவரை வருத்தப்பட வைத்தேன். மதுரையில் ஆராய்ச்சியாளர்கள் காபிக் கடைகளில் எறியும் காகிதக் கப்புகளைக் கவனித்து 2011இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். கப்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக்காகத் தேனீக்கள் பூவை விட்டுவிட்டு வருகின்றன, அங்கேயே விழுந்து ஏராளமாகச் சாகின்றன. நம் கடைக்கு வருவதும் அதுதான். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் அதற்குப் பூ எங்கே இருக்கிறது? சீமைக்கருவேலம் இருக்கிறது, கழிமுகத்து ஓரம் கொஞ்சம் அலையாத்தி இருக்கிறது, வீடுகளில் முருங்கை, ஒன்றிரண்டு தென்னை, வேம்பு. மற்றபடி கன்டெய்னரும் சாம்பலும்தான். இப்போது அம்மா கப்புகளை மூடி போட்ட டிரம்மில் போடச் சொல்கிறார். டிரைவர் அண்ணன்கள் பாதிப் பேர் கேட்கிறார்கள், பாதிப் பேர் கேட்பதில்லை. கடைக்குப் பின்னால் பெயின்ட் டின்னில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டிருக்கிறார். துளிர்த்துவிட்டது.

நம்மில் யாராவது மொட்டை மாடியில் பெட்டி வைக்க ஆசைப்பட்டால் ஒன்று மட்டும் சொல்வேன். கூட்டம் வாங்கும்போது தேன் எவ்வளவு தரும் என்று கேட்பதற்கு முன்னால், நோய் வந்த வருடத்தில் இந்தக் கூட்டத்தின் தாய்ப் பெட்டி தப்பியதா என்று கேளுங்கள். புழு அறையின் சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பெட்டியின் அடையை இன்னொரு பெட்டிக்கு மாற்றாதீர்கள், வைரஸ் அதோடு போகும்.

தப்பிய அந்த ஒரு பெட்டியைப் பாட்டா ஊரை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தாராம். அவர் மகன் இப்போதும் தேனீ வளர்ப்பதாகக் கேள்வி. செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் அம்மாவும் நானும் மார்த்தாண்டம் போகிறோம். ரயிலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அம்மா அந்த ஊரை விட்டு வந்தபின் இதுதான் முதல் தடவை.